பேர் போடாத நாட்கள்

எங்கள் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து நிறுக்கிற மடுவத்தில் கணக்கப்பிள்ளையின் மேசை மேல் இரண்டு புத்தகங்கள் இருக்கும். ஒன்று கம்பனி கொடுத்த தடித்த அட்டைப் புத்தகம். அதில் எழுதுவது செக்ரோலுக்கு, அதாவது பதிவு பெற்ற தொழிலாளர்களின் சம்பளப் பதிவேட்டுக்கு, போகும். மற்றது பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோகிற 80 பக்கக் கொப்பி.

2024 டிசம்பர் லீவுக்கு வீட்டுக்குப் போயிருந்தேன். வீடு இலங்கை மலையகத்தில், மஸ்கெலியாவுக்கு மேலே. மழை விட்ட ஒரு பின்னேரம் சித்திக்கும் அண்ணிக்கும் தேத்தண்ணிப் போத்தலை எடுத்துக்கொண்டு மடுவத்துக்கு நடந்தேன். இரண்டு பேரும் அன்று ஒரே மலையில், பக்கத்துப் பக்கத்து நிரையில் கொழுந்து எடுத்தவர்கள். ஒரே தராசில்தான் நிறுத்தார்கள். அண்ணிக்கு 21 கிலோ. கணக்கப்பிள்ளை தடித்த புத்தகத்தில் எழுதினார். அடுத்து சித்தி, 22 கிலோ. அவர் கொப்பியைத் திறந்தார்.

எட்டிப் பார்த்தேன். சித்தியின் பெயர் அதில் இல்லை. “குவைத் அக்கா – 22” என்று இருந்தது.

வெளியில் இருப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். தோட்டத்தில் ஒரு நாள் வேலையை நாங்கள் “பேர்” என்றுதான் சொல்வோம். நிர்ணயித்த கிலோ எடுத்தால் ஒரு பேர். எங்கள் தோட்டத்தில் அது 18 கிலோ. குறைந்தால் அரைப் பேர். “இந்த மாசம் எத்தன பேரு?” என்று ஒருவர் கேட்டால், எத்தனை நாள் சம்பளம் விழுந்திருக்கிறது என்று அர்த்தம். கைக்காசுக்கு நிற்கிறவர்களுக்குப் பேர் கிடையாது. கிலோவுக்கு இவ்வளவு என்று காசு, அத்தோடு சரி. சித்திக்கு அன்று கிலோ 50 ரூபா, ஆக 1100 ரூபா.

அண்ணியின் கணக்கு வேறு. 2024 செப்டம்பரில் நாட்சம்பளம் 1350 ரூபா ஆனது. அதில் ஊழியர் சேமலாப நிதிக்கு (ஈ.பி.எஃப்.) 8 சதவீதம், அதாவது 108 ரூபா பிடிப்பார்கள். கையில் வருவது 1242. ஆனால் அதே நாளில் கம்பனி தன் பங்காக 12 சதவீதம், 162 ரூபா, ஈ.பி.எஃப்.க்குக் கட்ட வேண்டும். ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதியான ஈ.டி.எஃப்.க்கு இன்னும் 3 சதவீதம், 40 ரூபா 50 சதம். ஆக அன்று மாலை அண்ணியின் பெயரில் எங்கோ ஓர் ஏட்டில் 310 ரூபா 50 சதம் ஏறியது. அதற்கு மேல், 5 வருடம் முடித்து வேலையை விட்டுப் போகும்போது வருடத்துக்கு 14 நாள் சம்பளம் என்று பணிக்கொடை. 30 வருடம் வேலை செய்தால் 420 நாள் சம்பளம். எங்கள் அம்மா ஓய்வு பெற்றபோது வந்த அந்தக் காசில்தான் தங்கச்சியின் கல்யாணம் நடந்தது, நாங்கள் இருக்கும் தொடர் வீடான லயத்துக் கூரைக்கும் புதுத் தகரம் போட்டோம்.

சித்தியின் 22 கிலோவும் அண்ணியின் 21 கிலோவும் ஒரே சாக்கில் கொட்டப்பட்டு ஒரே லொறியில் ஸ்டோருக்கு, அதாவது தொழிற்சாலைக்கு, போயின.

சித்தியும் ஒரு காலத்தில் பேர் பதிந்தவர்தான். பதினோரு வருடம் செக்ரோலில் இருந்தார். சித்தப்பா இறந்த பிறகு பிள்ளைகள் படிப்புக்காகக் குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போனார். ஏழு வருடம். திரும்பி வந்து ஆபீசில் கேட்டபோது, புதிதாகப் பேர் பதிவதில்லை, வேண்டுமென்றால் கைக்காசுக்கு வரலாம் என்றார்கள். 41 வயதில், பழகிய அதே மலையில், பழகிய அதே கூடையோடு, சித்தி பெயரில்லாதவராக வேலைக்குத் திரும்பினார்.

வேலைப் பாதுகாப்பு பற்றிப் பேசும்போது பலரும் சம்பளத்தைத்தான் பேசுகிறார்கள், சேமலாப நிதியைப் பேசுகிறார்கள். நானும் மேலே அதைத்தான் செய்தேன். ஆனால் என் மனசுக்குப் படுவது வேறொன்று. அதைச் சொல்ல அம்மாவின் கதை வேண்டும்.

எனக்கு அப்போது பத்து வயது இருக்கும். அடைமழைக் காலம். ஈரக் கொழுந்து என்று சொல்லி ஒவ்வொரு கூடைக்கும் கிலோ கழித்துக்கொண்டிருந்தார்கள். அன்று 4 கிலோ கழித்தார்கள். அம்மா கூடையை இறக்கி, படங்கை இடுப்பிலிருந்து அவிழ்த்து மடுவத்துத் தரையில் விரித்தார். கொழுந்து முழுவதையும் அதன் மேல் கொட்டினார். “ஐயா, நாலு கிலோ தண்ணி இதுல எங்க இருக்குன்னு காட்டுங்க” என்றார். கத்தவில்லை. சாதாரணமாகத்தான் கேட்டார். பின்னால் நின்ற பெண்கள் ஒவ்வொருவராகக் கூடையை இறக்கினார்கள். யாரும் நிறுக்கக் கொடுக்கவில்லை. இருட்டுகிற நேரத்தில் தோட்டத்து மேலதிகாரியான துரையின் ஜீப் வந்தது. கடைசியில் கழிவு 2 கிலோ என்று முடிவானது.

அன்று இரவு அப்பா சாப்பிடவில்லை, அவருக்குப் பயம். மறுநாள் காலையில் அம்மா வழக்கம்போல் வேலை பிரித்துக் கொடுக்கிற பெரட்டுக்குப் போனார். வேலையை மேற்பார்க்கும் கங்காணி முகம் கொடுத்துப் பேசவில்லை. வேண்டுமென்றே செங்குத்தான மலைக்கு அனுப்பினார். ஒரு வாரம் அட்டைக் கடியோடு அங்கேதான். ஆனால் பேர் விழுந்தது. ஏழு நாளும் ஏழு பேர்.

நிரந்தர வேலை என்றால் எனக்கு அந்தக் காலைதான் நினைவுக்கு வரும். முதல் நாள் மேலிடத்தைக் கேள்வி கேட்டுவிட்டு, மறுநாள் காலையில் அதே இடத்துக்கு வேலைக்குப் போக முடிவது.

இதன் மறுபக்கம் எனக்கு நேர்ந்தது. ஏ.எல். பரீட்சை முடித்ததும் கொழும்புக்குப் போனேன். பேலியகொடைப் பக்கம் ஒரு பெரிய களஞ்சியம். வேலை அங்கே, ஆனால் வேலைக்கு எடுத்தது ஒரு மேன்பவர் ஏஜென்சி. ஆறு மாதத்துக்கு ஒரு கடிதம் தருவார்கள். கையெழுத்துப் போட்டால் இன்னும் ஆறு மாதம். மூன்றாவது கடிதத்தில் ஏஜென்சியின் பெயர் மாறியிருந்தது. ஆபீஸ் அதேதான், ஆள் அதேதான், எங்களை ஏற்றிப்போகும் வேனும் அதேதான். பெயர் மட்டும் புதிது. அப்போது அதைப் பெரிதாக எடுக்கவில்லை. ஒவ்வொரு முறை பெயர் மாறும்போதும் என் சேவைக்காலத்தை முதல் நாளிலிருந்து எண்ணுகிறார்கள் என்பது பிறகுதான் விளங்கியது.

அந்தக் களஞ்சியத்தில் இரண்டு நிற டீ சேர்ட். கம்பனி ஆட்களுக்கு நீலம், எங்களுக்குச் சாம்பல். பெட்டி தூக்குவது ஒன்றாகத்தான். பகல் சாப்பாட்டில் ஒருநாள் பருப்பு புளித்திருந்தது. நீலச் சேர்ட் போட்ட ஓர் அண்ணன் தட்டோடு எழுந்து போய் முகாமையாளர் மேசையில் வைத்துவிட்டு வந்தார். “இத நீங்க சாப்பிடுங்க சேர்” என்று சிங்களத்தில் சொன்னார். நாங்கள் சாம்பல் சேர்ட்காரர்கள் பதினேழு பேர், ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல், அந்தப் பருப்பைச் சாப்பிட்டு முடித்தோம். அந்தப் புளிப்பு இன்னும் நாக்கில் இருக்கிறது.

நான்காவது வருடம் நாரஹேன்பிட்டியில் இருக்கும் தொழில் திணைக்களத்துக்குப் போய் என் ஈ.பி.எஃப். கணக்கைக் கேட்டுப் பார்த்தேன். சம்பளத் துண்டில் மாதம் தவறாமல் 8 சதவீதம் வெட்டியிருந்தார்கள். கணக்கில் 14 மாதக் காசு வரவில்லை. ஏஜென்சியில் கேட்டேன். “பார்த்துச் சொல்றேன் தம்பி” என்றார் அங்கிருந்தவர். இரண்டு மாதம் கழித்து என் கடிதம் முடிந்தது. புதுக் கடிதம் வரவில்லை. யாரும் என்னை வேலையை விட்டு நீக்கவில்லை. காலம் முடிந்துவிட்டது, அவ்வளவுதான். எல்லாக் கடிதங்களையும் ஒன்றாகச் சேர்த்தாலும் 4 வருடம் 8 மாதம். பணிக்கொடைக்கு 5 வருடம் வேண்டும்.

முறைப்பாடு செய்தேன். ஒன்றரை வருடம் இழுத்தது. விட்டுப்போன காசில் ஒரு பகுதி, மேலதிகக் கட்டணத்தோடு, கணக்குக்கு வந்தது. இதைக் குறிப்பாகச் சொல்கிறேன், ஏனென்றால் பலருக்குத் தெரியாது. தொழில் கொடுப்பவர் ஈ.பி.எஃப். காசைத் தாமதித்துக் கட்டினால், தாமதத்துக்கு ஏற்ப 5 சதவீதத்திலிருந்து 50 சதவீதம் வரை கூடுதலாகக் கட்ட வேண்டும் என்று சட்டத்திலேயே இருக்கிறது. 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டம் அது. நிரந்தர ஊழியர், தற்காலிக ஊழியர், தேவைப்படும்போது மட்டும் எடுக்கும் அமய ஊழியர் என்று அது பாகுபாடு பார்ப்பதில்லை. வேலைக்கு வந்த முதல் நாளிலிருந்தே உரிமை உண்டு.

அப்படியென்றால் சித்தியின் கைக்காசுக்கும் ஈ.பி.எஃப். கட்ட வேண்டும்தானே? கட்டத்தான் வேண்டும். மடுவத்திலிருந்து திரும்பும்போது சித்தியிடம் சொன்னேன். சித்தி நின்று கூடைக் கயிற்றைத் தலையில் சரிசெய்துகொண்டார்.

“இருக்கலாம் தம்பி. நான் போய்க் கேட்டா நாளைக்கு வர வேணாம்னு சொல்லிருவாங்க. அப்புறம் யார்கிட்ட போய்க் கேக்குறது?”

அம்மாவின் கூடப் பிறந்த தங்கைதான் சித்தி. அதே வீட்டில் வளர்ந்தவர், அம்மாவை விட வாய்த் துடுக்கானவர் என்று பாட்டி சொல்வார். அந்த வாயை இவ்வளவு அமைதியாக்கியது எது என்று நினைக்க நினைக்க எனக்குத் தொண்டை அடைக்கிறது.

ஆனாலும் நிரந்தரத்தைத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடவும் என்னால் முடியாது. தோட்டத்தில் அந்தச் சொல்லுக்குப் பின்னால் நீண்ட கதை இருக்கிறது. ஒரு காலத்தில் “துண்டு” என்று ஒன்று இருந்தது. தொழிலாளி வேறு தோட்டத்துக்குப் போக வேண்டுமானால், கடனெல்லாம் தீர்ந்தது என்று துரை எழுதித் தரும் துண்டு கையில் இருக்க வேண்டும். அது இல்லாதவருக்கு வேறெங்கும் வேலை கிடையாது. 1921இல்தான் அதை ஒழித்தார்கள். துண்டு கிடைக்காதவனும் ஒரு வகையில் நிரந்தரத் தொழிலாளிதான்.

எங்கள் தாத்தா காலத்தில் இன்னொரு விதம். அவருக்குத் தோட்டத்தில் வேலை நிரந்தரம். ஆனால் 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்துக்குப் பிறகு, இந்தியாவிலிருந்து வந்த வம்சம் என்பதால், அவருக்கு நாடு இல்லை. 1964இல் இலங்கை, இந்தியப் பிரதமர்கள் இரண்டு பேரும் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தில் 525,000 பேரை இந்தியாவுக்கு அனுப்புவது என்று முடிவானது. தாத்தாவின் அண்ணன் குடும்பம் அப்படித்தான் கப்பலேறியது. 30 வருடம் ஒரே மலையில் கவ்வாத்து வெட்டிய தாத்தா, தான் எந்த நாட்டுக்காரர் என்று ஒரு கடதாசிக்காகக் காத்திருந்தார்.

இப்போதும் வீடு இருக்கிறதே! லயம் தோட்டத்துக்குச் சொந்தம். வீட்டில் ஒருவராவது செக்ரோலில் இருந்தால்தான் அதில் தைரியமாக இருக்கலாம். அண்ணி ஓ.எல். பரீட்சை பாஸ் பண்ணியவர். ஹட்டனில் ஒரு துணிக்கடையில் கணக்கு எழுதும் வேலை கிடைத்திருந்தது. அம்மா ஓய்வு பெறும் வருடம் வந்தபோது, வீட்டைக் காப்பாற்ற யாராவது பேர் பதிய வேண்டும் என்ற பேச்சு எழுந்தது. அண்ணன் கொழும்பில் இருந்தார், நானும் கொழும்பில். அண்ணிதான் கூடையை மாட்டினார். அன்றைக்கு அவர் அழுதாரா என்று எனக்குத் தெரியாது, நான் கேட்டதில்லை. அந்த 310 ரூபா 50 சதத்தைப் பற்றி எழுதும்போது இதையும் எழுதாமல் விட்டால் அது பொய்யாகிவிடும்.

அக்காவின் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மலையகப் பாடசாலைகளுக்கு ஆசிரிய உதவியாளர்கள் என்று எடுத்தார்களே, அதில் அக்காவும் ஒருவர். ஆரம்பத்தில் மாதம் 6000 ரூபா கொடுப்பனவு, பிறகு 10,000. முழு ஆசிரியரின் வேலை, முழு ஆசிரியரின் நேரசூசி. பயிற்சி முடித்து நிரந்தர நியமனம் கிடைக்கும் வரை அதிபர் சொன்ன எதற்கும் அக்கா மறுப்புச் சொன்னதில்லை. நியமனக் கடிதம் வந்த அடுத்த தவணையிலேயே ஐந்தாம் வகுப்புக்குக் கூரை ஒழுகுகிறது என்று வலயக் கல்விக் காரியாலயத்துக்கு எழுத்தில் போட்டார். அந்தக் கூரை முந்திய நான்கு வருடமும் ஒழுகிக்கொண்டுதான் இருந்தது.

இளம் பிள்ளைகளிடம் இதையெல்லாம் சொன்னால் கேட்க மாட்டார்கள், அவர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது. எங்கள் லயத்துப் பையன்கள் பலர் பேர் பதிய விரும்புவதில்லை. மரக்கறித் தோட்டத்தில் கொந்தரப்பு, அதாவது ஒப்பந்த வேலை, எடுத்தால் அன்றன்றைக்குக் கையில் காசு. ஆறு மணிக்குப் பெரட்டில் போய் நிற்க வேண்டாம், கங்காணியின் வாயைக் கேட்க வேண்டாம். தாத்தாவும் பாட்டியும் அம்மாவும் நிரந்தரமாக இருந்து என்ன கண்டார்கள், அதே பத்தடிக் காம்பராதானே என்று ஒரு தம்பி கேட்டான். என்னிடம் உடனே பதில் இல்லை. ஆனால் அவனுக்கு 22 வயது. போன மாதம் மண்மேடு சரிந்து கால் பிசகி மூன்று வாரம் படுத்துக் கிடந்தான். அந்த மூன்று வாரத்துக்கும் ஒரு சதம் வரவில்லை. யாரிடம் கேட்பது என்றும் அவனுக்குத் தெரியவில்லை, ஏனென்றால் கொந்தரப்புக் கொடுத்தவருக்குக் கொந்தரப்புக் கொடுத்தவர் வேறொருவர்.

தோட்டங்களே இப்போது அந்த வழியில்தான் போகின்றன. 1992இல் அரசு தோட்டங்களை 22 பிராந்தியக் கம்பனிகளின் நிர்வாகத்தில் கொடுத்தபோது அவற்றில் 3 லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் வேலை செய்தார்கள். இன்று அதில் பாதி கூட இல்லை. 2021இல் சம்பள நிர்ணய சபை 1000 ரூபாவை வர்த்தமானியில் போட்டதும் கம்பனிகள் தொழிற்சங்கங்களோடு செய்திருந்த கூட்டு ஒப்பந்தத்திலிருந்து விலகிக்கொண்டன. சம்பளத்தைச் சட்டம் தீர்மானித்தது. ஆனால் கழிவு எவ்வளவு, கிலோ எவ்வளவு, கொழுந்து இல்லாத மாதத்தில் எத்தனை நாள் வேலை என்று உட்கார்ந்து பேசுகிற மேசை போய்விட்டது. அப்புறம் வந்தது செடியைப் பிரித்துக் கொடுக்கிற முறை. குடும்பத்துக்கு இவ்வளவு செடி என்று ஒதுக்குவார்கள். பராமரித்து, கொழுந்து எடுத்து, கம்பனிக்கே விற்க வேண்டும். கேட்பதற்கு நன்றாக இருக்கிறது. இந்த நாட்டுத் தேயிலையில் பெரும்பங்கை இன்று சிறு தோட்டக்காரர்கள்தான் தருகிறார்கள், அதில் நன்றாக வாழ்கிறவர்களும் உண்டு. ஆனால் அவர்களுக்கு மண் சொந்தம். எங்களுக்கு மண்ணும் இல்லை, செடியும் இல்லை, ஈ.பி.எஃப்.பும் இல்லை என்றால் உரத்தின் விலையும் மழையின் நட்டமும் மட்டும்தான் சொந்தமாகும். காணி உறுதியோடு கொடுக்கட்டும், முதல் ஆளாக நான் போய் வாங்குகிறேன்.

டிசம்பரில் கொழும்புக்குத் திரும்புவதற்கு முந்திய நாள் சித்தியோடு உட்கார்ந்தேன். எனக்கு ஒரு விஷயம் தெரியும், அதை அவரிடம் சொன்னேன். 1971ஆம் ஆண்டு வேலை நீக்கச் சட்டம் ஒன்று இருக்கிறது. 15 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில், 12 மாதத்துக்குள் 180 நாள் வேலை செய்தவரை, ஒழுக்கக் குற்றம் இல்லாமல், அவருடைய எழுத்து மூலச் சம்மதமோ தொழில் ஆணையாளரின் அனுமதியோ இல்லாமல் நிறுத்த முடியாது. ஆனால் 180 நாள் வேலை செய்தோம் என்று காட்ட வேண்டும். மடுவத்துக் கொப்பியை நம்ப முடியாது. அது முடிந்தால் அடுப்புக்குப் போய்விடும், அதில் சித்தியின் பெயரும் இல்லை.

மஸ்கெலியா டவுனில் ஒரு சி.ஆர். கொப்பி வாங்கிக் கொடுத்தேன். தேதி, எந்த மலை, எத்தனை கிலோ, எவ்வளவு காசு, பக்கத்து நிரையில் யார். சித்தி மூன்றாம் வகுப்போடு நின்றவர். குவைத்தில் இருந்தபோது பிள்ளைகளுக்குக் கடிதம் எழுத வேண்டுமே என்று தானாகவே எழுத்துக் கூட்டப் பழகியவர். முதல் பக்கத்தில் என்ன எழுதுவது என்று கேட்டார். உங்கள் பெயரை எழுதுங்கள் என்றேன். முழுப் பெயரையும் எழுதினார், அப்பா பெயரோடு, கோணல் மாணலாக, இரண்டு வரியில்.

ஞாயிற்றுக்கிழமைகளில் போன் எடுப்பேன். சுகம் விசாரித்து முடிந்ததும் சித்தியே கொப்பியை எடுத்து வந்து வாசிப்பார். மழைக்கு வேலை நிறுத்திய நாட்கள், காய்ச்சலில் படுத்த நாட்கள், எல்லாவற்றையும் விட்டு எண்ணுவோம். போன கிழமை 131 வந்தது. அண்ணி பின்னாலிருந்து, இல்லை, செவ்வாய்க்கிழமையைச் சித்தி மறந்துவிட்டார், 132 என்றார். சித்தி திரும்பவும் முதல் பக்கத்திலிருந்து எண்ணத் தொடங்கினார். நான் போனை வைக்காமல் கேட்டுக்கொண்டிருந்தேன்.